பொதுப் பாதுகாப்பு நிர்வாகப் பட்டப்படிப்பு: இரவுப் பணியில் இருப்பவருக்கு இது தகுமா?

ஈசூன்_இரவுப்பணி

அனைவருக்கும் வணக்கம். ஜூரோங் ஈஸ்ட்டில் ஒரு வணிகக் கட்டடத்தில் பாதுகாவல் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். வயது முப்பத்து நான்கு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து, தேசிய சேவையைக் குடிமைத் தற்காப்புப் படையில் முடித்து, பின்னர் வேலை பார்த்துக்கொண்டே பட்டயம் பெற்றவன். அடுத்ததாகப் பொதுப் பாதுகாப்பு நிர்வாகத்தில் இளநிலைப் பட்டம் படிக்க விரும்புகிறேன். கிளமெண்டி சாலையில் உள்ள சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் பட்டப்படிப்பு நடத்துகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில இதே பெயரில் இணையவழிப் படிப்பு நடத்துவதையும் பார்த்தேன்.

என் ஐயம் இதுதான். தீயணைப்புப் பயிற்சி, முதலுதவி, கண்காணிப்புக் கேமரா, வெளியேற்றப் பயிற்சி ஆகியவற்றையெல்லாம் வேலையிலேயே கற்றுவிட்ட ஒருவனுக்கு இந்தப் படிப்பு புதிதாக என்ன கொடுக்கும்? இதை முடித்தால் உள்துறைக் குழுவில், அதாவது போலிஸ், குடிமைத் தற்காப்பு, குடிநுழைவு போன்ற அமைப்புகளில், சேர வாய்ப்பு கூடுமா? படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், படிக்காமலே மேலே வந்தவர்கள் என எல்லாரும் சொன்னால் நன்றாக இருக்கும்.

மூன்றாம்_ரோட்டா

தம்பி, நான் தீயணைப்பு நிலையத்தில் பணியாற்றிக்கொண்டே இதைப் போன்ற பட்டம் ஒன்றை முடித்தவன். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். தீயை எப்படி அணைப்பது என்று அங்கே யாரும் கற்றுத் தரமாட்டார்கள். அதற்கு ஜாலான் பஹாரில் குடிமைத் தற்காப்புக் கழகம் இருக்கிறது. தீ மூள்வதற்கு முன்பு எந்த மேசையில் என்ன கையெழுத்து விழுந்தது, அணைந்த பிறகு எந்த மேசையில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதுதான் இந்தப் படிப்பின் உள்ளடக்கம்.

எடுத்துக்காட்டாக ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்த சம்பவத்தைச் சொல்லலாம். 1986 மார்ச் 15 ஆம் தேதி சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அப்போது எம்ஆர்டி ரயில் சுரங்கப் பணியில் இருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் இடிபாடுகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டி உள்ளே போனதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் இந்தப் பகுதி மட்டும்தான் தெரியும்.

வகுப்பில் இதே சம்பவத்தை வேறு முனையிலிருந்து தொடங்கினார்கள். கட்டடம் ஏன் விழுந்தது? வடிவமைத்தவர் உள்ளே வரப்போகும் மனிதர்கள், பொருள்கள் ஆகியவற்றின் பாரத்தைக் கணக்கில் எடுத்தவர், கட்டடத்தின் சொந்தப் பாரத்தை விட்டுவிட்டார் என்று விசாரணையில் தெரியவந்தது. கட்டி முடிக்கப்பட்ட 1971 ஆம் ஆண்டிலிருந்தே அது விழக் காத்திருந்தது என்று சொல்லலாம். அந்த வரைபடத்தை வேறொருவர் தனியாகச் சரிபார்த்திருந்தால் போதும். அதனால்தான் 1989 ஆம் ஆண்டின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, கட்டமைப்பு வரைபடங்களை வடிவமைப்பாளரோடு தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து ஆண்டுக்கு ஒரு முறையும் மற்றக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் சோதிக்கும் விதியும் அதே சம்பவத்தின் பின்விளைவுதான். மீட்புப் பணியாளர்கள் 17 பேரைக் காப்பாற்றினார்கள் என்று எண்ணிச் சொல்ல முடிகிறது. அந்த விதி எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று யாராலும் எண்ண முடியாது, ஆகவே யாரும் அதற்குப் பதக்கம் தருவதும் இல்லை. எண்ண முடியாத அந்தப் பக்கத்தில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் இந்தப் படிப்பு உங்களுக்கானது. இல்லையென்றால் நான்கைந்து ஆண்டு மாலைப்பொழுதுகளை வீணாக்க வேண்டாம்.

பழைய_சார்ஜண்ட்

மூன்றாம் ரோட்டா நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. போலிஸ் படையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பட்டம் இல்லை. என் காலத்தில் பட்டத்தோடு நேராக இன்ஸ்பெக்டராக வந்த இளைஞர்களுக்கு, வீவக அடுக்குமாடி புளோக் ஒன்றில் கணவன் மனைவி சண்டையை எப்படி விலக்குவது என்று நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம். கதவைத் தட்டுவதற்கு முன்பு உள்ளே கேட்கும் குரலை ஒரு கணம் நின்று கேட்க வேண்டும் என்பது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

1983 இல் தோ பாயோவில் அக்கம்பக்கப் போலிஸ் சாவடிகள் தொடங்கியபோது, அது ஜப்பானியக் கோபான் முறையிலிருந்து எடுக்கப்பட்டது. வாகனத்தில் சுற்றிக்கொண்டிருந்த போலிஸ்காரரை இறக்கி, வீடுவீடாக நடக்க வைத்த மாற்றம் அது. அந்த மாற்றம் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை வெற்றியாக்கியது வாசலில் நின்று பாட்டிமார்களிடம் மலாயிலும் ஹொக்கியனிலும் தமிழிலும் பேசத் தெரிந்த கான்ஸ்டபிள்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்போடு வந்தவர்கள்.

இன்னொரு செய்தியையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். போலிஸ் படையில் 2016 முதல் ஒருங்கிணைந்த பதவி அமைப்பு நடப்பில் இருக்கிறது. சார்ஜண்டாகச் சேர்ந்தவரும் திறமை காட்டினால், பட்டம் இல்லாமலேயே இன்ஸ்பெக்டர் நிலைக்கும் அதற்கு அப்பாலும் செல்லலாம். பட்டம் என்ற கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்ற காலம் மாறிவிட்டது. பிறகு எதற்கு இந்தப் பாடு?

மூன்றாம்_ரோட்டா

சார்ஜண்ட் ஐயா, கதவருகே நின்று கேட்பதைப் பாடத்திட்டம் கற்றுத் தராது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டே என் பக்கம்தான் சாய்கிறது. கான்ஸ்டபிள்கள் தாங்களாகவே வாகனத்தை விட்டு இறங்கவில்லை. எத்தனை புளோக்குக்கு ஒரு சாவடி, ஒரு சாவடிக்கு எத்தனை பேர், வீட்டு வருகையை எப்படிப் பதிவு செய்வது, அவசர அழைப்பு வந்தால் யார் போவது என்பதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த முடிவு தவறியிருந்தால் உங்களைப் போன்ற திறமைசாலிகள் வாகனத்திலேயே சுற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

தெம்பனிஸ்_மல்லிகா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்து இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். சேவை முடிந்ததும் இதே துறையில் முழுநேரமாகப் படித்துவிட்டு உள்துறைக் குழுவில் அதிகாரியாகச் சேரப் போவதாகச் சொல்கிறான். இந்தப் பட்டம் இருந்தால் தேர்வில் முன்னுரிமை கிடைக்கும் என்று நம்புகிறான். உண்மையா? அவனுக்குக் கணிதமும் நன்றாக வரும் என்பதால் வேறு துறையில் சேர்க்கலாமா என்று அவன் அப்பா யோசிக்கிறார்.

ஏழுமணி_வகுப்பு

மல்லிகா அக்கா, உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தில் வேலை செய்துகொண்டு, மாலை ஏழு மணி வகுப்புக்குப் போகும் மாணவி. போலிஸ் படையும் குடிமைத் தற்காப்புப் படையும் நேரடியாக அதிகாரிகளைச் சேர்க்கும்போது எந்தத் துறைப் பட்டத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. என்னுடன் பணிபுரியும் அதிகாரிகளில் உயிரியல் படித்தவரும் உண்டு, கணக்கியல் படித்தவரும் உண்டு. ஆகவே வேலைக்கான சீட்டாக மட்டும் இதைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு இது கட்டாயமில்லை. கணிதம் நன்றாக வருகிறது என்றால் தரவு அறிவியல், பொறியியல் போன்றவற்றைப் படித்துவிட்டு வந்தாலும் வரவேற்பு இருக்கிறது. 2019 இறுதியில் உருவான எச்டிஎக்ஸ் அமைப்பு உள்துறைக் குழுவுக்காக அறிவியலாளர்களையும் பொறியாளர்களையும் தேடுகிறது. முழுநேர மாணவராக இந்தத் துறைக்கு வருபவர்களைவிட, சில ஆண்டுகள் சீருடையில் இருந்துவிட்டு வருபவர்களுக்கே இந்தப் பாடங்கள் நன்றாக ஒட்டுகின்றன என்பது என் சொந்தக் கணிப்பு.

இனி ஈசூன் அண்ணாவுக்கு. பாடங்கள் தோராயமாக எப்படி இருக்கும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. குற்றவியல், குற்றவியல் சட்டம், நெருக்கடி மேலாண்மை, பயங்கரவாதம், இடர் மதிப்பீடு, நிறுவன நடத்தை, பொதுக் கொள்கை, ஆய்வு முறைகள், புள்ளியியல் ஆகியவை இத்தகைய படிப்புகளில் பொதுவாக இடம்பெறுகின்றன. எல்லாரும் பயங்கரவாதப் பாடத்தைத்தான் ஆவலோடு எடுக்கிறார்கள். ஆனால் நம்மைத் திணறடிப்பவை கடைசி இரண்டும்தான். ஒரு பேட்டையில் மோசடிப் புகார்கள் குறைந்துவிட்டன என்றால், மோசடி குறைந்ததா அல்லது புகார் கொடுப்பது குறைந்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். வேலையில் இருக்கும்போது மாதாந்தர அறிக்கையில் எண் இறங்கினால் நமக்கு மகிழ்ச்சி. வகுப்பில் அந்த எண் இறங்கினால் நான்கு பக்கம் எழுத வேண்டும்.

எழுத்துதான் உண்மையான தடை. நம்மில் பலர் சம்பவ அறிக்கை எழுதிப் பழகியவர்கள். அதில் நேரம், இடம், யார் என்ன செய்தார் என்பது இருக்கும். ஏன் என்பது இருக்காது, இருக்கவும் கூடாது. கட்டுரையில் அதற்கு நேர்மாறாக ஏன் என்பதுதான் முதல் வரி. முதல் பருவத்தில் என் கட்டுரைகள் எல்லாம் சாவடிக் குறிப்பேடு போலவே இருப்பதாக ஆசிரியர் எழுதி அனுப்பினார். அந்தப் பழக்கத்தை உடைக்க எனக்கு உதவியது லிட்டில் இந்தியா கலவர விசாரணைக் குழுவின் அறிக்கை.

2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து மோதி வெளிநாட்டு ஊழியர் ஒருவர் இறந்ததும் மூண்ட அந்தக் கலவரத்தைப் பற்றி நம் சமூகத்தில் கருத்து இல்லாதவர் கிடையாது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான குழு பொது விசாரணை நடத்தி 2014 ஜூனில் அறிக்கை கொடுத்தது. விபத்தில் சிக்கியவரைவிடப் பேருந்து ஊழியர்களைக் காப்பாற்றுவதிலேயே அதிகாரிகள் கவனமாக இருக்கிறார்கள் என்று கூட்டத்தினர் தவறாக எண்ணியதும், மதுவும் கலவரத்துக்குக் காரணங்களாக அதில் சொல்லப்பட்டன. அறிக்கையின் முடிவுகளோடு நாம் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். ஆனால் ஒரு நிகழ்வை நிமிடவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிமிடத்திலும் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியவில்லை என்று வரிசைப்படுத்துவது எப்படி என்பதை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். நிகழ்ந்தது ஒன்று, அங்கே நின்றவர்கள் கண்டதாக நம்பியது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே எழுதப் பழகுவதற்கு அதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

பழைய_சார்ஜண்ட்

அந்த அறிக்கையை நானும் படித்தேன், மகளே. அதன் பிறகு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது; இரவு பத்தரை மணி முதல் காலை ஏழு மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்பது நாடு முழுவதற்கும் பொருந்துகிறது, லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் கூடுதல் கட்டுப்பாடு. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த வட்டாரத்தில் ஞாயிறு மாலைகளில் நடந்து பழகிய எந்தப் போலிஸ்காரரைக் கேட்டிருந்தாலும், கூட்டமும் குடியும் பேருந்து வரிசையும் ஒன்றாகச் சேரும் அந்த மூலையைக் கைகாட்டியிருப்பார். அதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. தெரிந்தவர் சொல்வது மேலே போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். அதற்கு உங்கள் படிப்பில் என்ன வழி இருக்கிறது?

ஏழுமணி_வகுப்பு

ஐயா, நீங்கள் கேட்டதுதான் எங்கள் நிறுவன நடத்தைப் பாடத்தின் பாதி. கீழே இருப்பவர் அறிந்தது மேலே போகாமல் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்கும் பாடம் அது. அதற்கு முழு விடை கிடைத்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். உங்களைப் போன்றவர்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் விவாதம் இன்னும் காரமாக இருந்திருக்கும்.

புக்கிட்பாத்தோக்_கணக்கு

யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதால் நான் பேசுகிறேன். பாதுகாவல் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருப்பவன்.

ஈசூன் இப்போது இருக்கும் ஏணியில் இந்தப் பட்டத்துக்கு இடமில்லை. பாதுகாவல் துறையில் படிப்படியாக உயரும் சம்பள முறை 2016 முதல் பாதுகாவல் நிறுவனங்களின் உரிமத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பாதுகாவல் அதிகாரிக்கு 2024 இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,650 வெள்ளி. அது ஆண்டுதோறும் உயர்ந்து 2028 இல் 3,530 வெள்ளியைத் தொடும். மேற்பார்வையாளர்களுக்கு அதைவிடக் கூடுதல். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக அந்த முறை கேட்பது டபிள்யூஎஸ்கியூ என்ற தொழில்திறன் சான்றிதழ்களை, பட்டத்தை அன்று. பட்டத்தோடு வந்து நின்றாலும், அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த பதவிக்கு நான் உங்கள் பெயரை அனுப்ப முடியாது.

பட்டம் பயன்படுவது ஏணியை மாற்றும்போதுதான். வங்கி, தரவு நிலையம், விமான நிலையம், பெரிய மருத்துவமனை போன்றவற்றில் பாதுகாப்பு மேலாளர், நெருக்கடியிலும் நிறுவனத்தின் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வணிகத் தொடர்ச்சித் திட்ட அதிகாரி என்று வேலைகள் வருகின்றன. அந்த விளம்பரங்களில் பட்டம் கேட்கப்படுகிறது. அங்கே உங்களோடு போட்டி போடுபவர்கள் சீருடைப் படைகளிலிருந்து ஓய்வு பெற்று வரும் அதிகாரிகள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்துக்கு உதவி உண்டு. உள்ளூர்த் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் பகுதிநேரப் பட்டப்படிப்புக்குக் குடிமக்களுக்கு அரசாங்க மானியம் இருக்கிறது. 2024 மே மாதம் வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சி உதவித் தொகை நாற்பது வயதைத் தொட்டவர்களுக்குத்தான். அதற்கு உங்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. நிறுவனம் கட்டணத்தை ஏற்பதாகச் சொன்னால் ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இடையில் விலகினால் திருப்பிச் செலுத்த வேண்டியது எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன மேலாளர்கள் பிறகு பார்க்க அங்கே இருப்பதில்லை.

மூன்றாம்_ரோட்டா

கணக்கு அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெளிநாட்டு இணையவழிப் படிப்பைப் பற்றி ஈசூன் கேட்டிருந்தார். பாடநூல்களில் பாதி அமெரிக்க நூல்களாக இருப்பதால், அந்த நாட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டு படிப்பது நல்லது. அங்கே போலிஸ் அமைப்புகள் ஏறத்தாழ 18,000 இருக்கின்றன. நகரம், மாவட்டம், மாநிலம், மத்திய அரசு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. தீயணைப்புத் துறைகளும் அப்படியே. 1970 இல் கலிஃபோர்னியாவில் 13 நாள்கள் எரிந்த காட்டுத்தீயில் 16 பேர் இறந்தனர், சுமார் 700 கட்டடங்கள் அழிந்தன. உதவிக்கு வந்த துறைகள் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளையும் வெவ்வேறு கட்டளைச் சொற்களையும் பயன்படுத்தியதால் யார் யாருக்குக் கீழே என்பதே புரியாமல் போயிற்று. அந்தக் குழப்பத்திலிருந்து பிறந்ததுதான் சம்பவக் கட்டளை முறை. ஒருவருக்கு ஒரே மேலதிகாரி, ஒரு மேலதிகாரியின் கீழ் மூன்று முதல் ஏழு பேர், எல்லாருக்கும் பொதுவான சொற்கள் என்பவை அதன் அடிப்படை.

நமக்கு ஒரே போலிஸ் படை. 1989 இல் தீயணைப்புத் துறையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றாக்கப்பட்ட பிறகு, தீயணைப்பு, மீட்பு, அவசர மருத்துவ வாகனம் எல்லாம் ஒரே படையின் கீழ். ஆகவே அமெரிக்கப் பாடநூல் பக்கம் பக்கமாக விவாதிக்கும் ஒருங்கிணைப்புச் சிக்கல் நமக்கு அதே வடிவில் இல்லை. நம் சிக்கல் அரசாங்கப் படைக்கும் தனியார்க் கட்டடத்துக்கும் இடையில் இருக்கிறது. தீயணைப்பு வாகனம் எட்டு நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்பது எங்கள் இலக்கு. அந்த எட்டு நிமிடமும் கட்டடம் ஈசூனைப் போன்றவர்களின் கையில்தான் இருக்கிறது. அமெரிக்கப் படிப்பு இதைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்லாது. உள்ளூர்ப் படிப்பில் நீங்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும்.

ஈசூன்_இரவுப்பணி

எல்லாருக்கும் நன்றி. ஏணியைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. சான்றிதழ் வகுப்புகளை முதலில் முடித்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி. தைப்பூசத்தின்போது தொண்டூழியராகக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலையில் நிற்பேன். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் நகரும்போது எந்த இடத்தில் நெரியும், எந்த இடத்தில் தளரும் என்று ஓரளவுக்குக் கைவந்த பழக்கம் இருக்கிறது. ஆனால் ஏன் அந்த இடத்தில் நெரிகிறது என்று கேட்டால் என்னால் விளக்க முடியாது. கூட்ட மேலாண்மை இந்தப் படிப்பில் வருமா?

ஏழுமணி_வகுப்பு

நெருக்கடி மேலாண்மைப் பாடத்திலும் இடர் மதிப்பீட்டிலும் வரும், அண்ணா. எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

முதலில் அடர்த்தி. ஒரு சதுர மீட்டரில் இரண்டு மூன்று பேர் நிற்கும்வரை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி நடக்கிறார். ஐந்து பேரைத் தாண்டினால் தனித்தனி மனிதர்கள் என்ற நிலை போய்விடுகிறது. ஒருவர் அசைந்தால் பத்தடி தள்ளி இருப்பவரும் அசைகிறார், குளத்தில் அலை நகர்வதைப் போல. அந்த நிலையில் யாரும் யாரையும் வேண்டுமென்றே தள்ளுவதில்லை. "முண்டியடித்ததால் நடந்தது" என்று செய்திகளில் எழுதுவது பெரும்பாலும் இறந்தவர்கள் மீது பழியைப் போடுவதுதான். பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை; நின்ற நிலையிலேயே மார்பு விரிய இடமில்லாமல் மூச்சுத் திணறி இறக்கிறார்கள்.

அடுத்தது தகவல். 2022 அக்டோபர் 29 இரவு தென்கொரியத் தலைநகர் சோலில், ஹாலோவீன் கொண்டாட்டத்துக்குக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு, இத்தேவோன் பகுதியின் குறுகிய சந்தில் 159 பேர் மாண்டனர். சந்தின் குறுகலான இடம் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம்தான். நெரிசல் உச்சத்தை அடைந்தது இரவு பத்தே காலுக்கு. ஆனால் "இங்கே நசுங்கிவிடுவோம் போல் இருக்கிறது" என்ற பொருளில் போலிசுக்கு முதல் அழைப்பு வந்தது மாலை 6.34 மணிக்கு. அதிலிருந்து மொத்தம் 11 அழைப்புகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆளே போகவில்லை. போன சில இடங்களிலும் அங்கே நின்றவர்களை விலக்கிவிட்டதோடு சரி. பதினொன்றும் ஒரே சந்தைப் பற்றியவை, ஒன்றைவிட ஒன்று மோசமானவை என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அன்று போலிசின் கவனம் நகரின் வேறிடத்தில் நடந்த ஆர்ப்பாட்டங்களிலும் போதைப்பொருள் கண்காணிப்பிலும் இருந்தது. மேலும் அந்தக் கொண்டாட்டத்துக்கு ஏற்பாட்டாளர் என்று யாரும் இல்லாததால், பாதுகாப்புத் திட்டம் கொடுக்க வேண்டிய பொறுப்பும் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

நம் தைப்பூசத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்பாட்டாளர் யார் என்பதில் ஐயமே இல்லை: இந்து அறக்கட்டளை வாரியமும் கோயில்களும். காவடி எடுப்பவர்கள் முன்கூட்டியே பதிந்து நேரம் பெறுகிறார்கள். சாலையின் ஒரு தடம் ஊர்வலத்துக்கு ஒதுக்கப்படுகிறது. காவடி புறப்படும் நேரத்தைப் பிரித்துக் கொடுப்பது பக்தர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். என் அம்மாவே ஒவ்வோர் ஆண்டும் முணுமுணுப்பார். ஆனால் கோயில் வாசலின் அடர்த்தியைக் கட்டுப்படுத்தும் குழாய்த் திருகு அங்கேதான் இருக்கிறது. நெரிகிற இடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்குள் நுழையும் வாயில், திருப்பம், மக்கள் நின்று வேடிக்கை பார்க்கும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும் இடத்தை நீங்களே வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். உங்கள் கைப்பழக்கம் எந்த இடத்தைச் சொல்கிறதோ அதே இடமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய_சார்ஜண்ட்

இதை ஏற்கிறேன். எங்கள் காலத்தில் "அங்கே ஆளைப் போடு" என்பதோடு சரி. ஏன் என்று கேட்டால் முறைப்பார்கள். இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதினொரு அழைப்பையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அன்று இரவு அழைப்பு அறையில் இருந்திருந்தாலும், பேசியை எடுத்து மேலதிகாரியின் தூக்கத்தைக் கெடுக்கும் துணிவு அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் போடும் பேராசிரியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நானே இந்த வயதில் சேர்ந்துகொள்கிறேன்.

ஈசூன்_இரவுப்பணி

ஐயா சேர்ந்தால் நான் பக்கத்து நாற்காலி. முழுப் படிப்பில் இப்போதே இறங்காமல், தனிப் பாடமாக ஒன்றை எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எதை எடுக்கட்டும்? பன்னிரண்டு மணி நேரப் பணிக்கு இடையில் வகுப்பை எப்படிப் பொருத்துவது?

மூன்றாம்_ரோட்டா

நான் இருபத்து நான்கு மணி நேரம் பணி, நாற்பத்தெட்டு மணி நேரம் ஓய்வு என்ற சுழற்சியில் இருந்ததால், மூன்று வகுப்பில் ஒன்று பணி நாளில் விழும். சக அதிகாரியோடு பணிநாளை மாற்றிக்கொள்வேன். தேர்வு வாரத்தில் அவருக்கு வேண்டிய நாளை நான் எடுத்துக்கொள்வேன். உங்களைப் போல் பன்னிரண்டு மணி நேரப் பணியில் இருப்பவர்களுக்கு இரவுப் பணி மாதத்தில் வகுப்பு எளிது போலத் தோன்றும். ஏழு மணி வகுப்பும் எட்டு மணிப் பணித் தொடக்கமும் மோதும் என்பதை மறந்துவிட வேண்டாம். வகுப்பு நடக்கும் பருவத்துக்குப் பகல் பணி கேட்டு, பருவம் தொடங்குவதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.

ஏழுமணி_வகுப்பு

பாடத்தைப் பொறுத்தவரை, பயங்கரவாதத்தை எடுக்காதீர்கள் அண்ணா. சுவையாக இருக்கும், முடித்ததும் உங்கள் கட்டடத்தில் எதுவும் மாறியிருக்காது. இடர் மதிப்பீட்டை எடுங்கள். முதல் கட்டுரைக்கு உங்கள் கட்டடத்தின் சரக்கு இறக்கும் தளத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, இடத்தின் பெயரையும் கேமரா இருக்கும் நிலைகளையும் நீக்கிவிட்டு எழுதுங்கள். என் வகுப்பில் ஒருவர் அதைச் செய்யாமல் கட்டுரையை முழுவதுமாக மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.